ஓலைக் கூரையும் பொன்னகரமும்

(நாகர்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

நேற்று மாலை வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஒரு சுவரைப் பார்த்து நின்றுவிட்டேன். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் நாலு, ஒன்றையொட்டி ஒன்றாக. முதலாமவர் சிவலோக பதவி அடைந்திருந்தார். அடுத்தவருக்கு வைகுண்ட பதவி. மூன்றாவதாக ஓர் அம்மாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார். நாலாமவர் இறைவனில் இளைப்பாறினார். பசை இன்னும் காயவில்லை. நால்வரும் ஒரே சந்தையில் மீன் வாங்கியவர்களாக இருக்கலாம், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களாகவும் இருக்கலாம். போய்ச் சேர்ந்த ஊருக்கு மட்டும் பெயர் வேறு வேறு.

யாரையும் நாம் வெறுமைக்குள் அனுப்பி வைப்பதில்லை. ஓர் இடத்துக்குத்தான் அனுப்புகிறோம். அந்த இடம் தமிழில் எப்படி ஊரானது, நகரானது, இந்தக் குமரி மண்ணில் அது என்ன வடிவம் கொண்டது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். சங்கப் புலவர்கள் மேலுலகத்தை அறிவார்கள். துறக்கம் என்றார்கள், புத்தேள் உலகு என்றார்கள். அது ஓர் உலகம், ஒரு நாடு. மதிலும் தெருவும் வாயிலும் உள்ள நகரமாக அவர்கள் அதை அதிகம் வரைந்து பார்க்கவில்லை. 'நகர்' என்ற சொல்லுக்கே பழைய பொருள் வீடு, மாளிகை, கோயில் என்பதுதான். தலைவி இருக்கும் பெருமனை நகர்; தெய்வம் உறையும் இடமும் நகர். பல தெருக்கள் கூடிய பேரூர் என்ற பொருள் பிறகே ஓங்கியது. முத்திக்கு நாம் வைத்த பெயர் 'வீடு'. விடுதலை என்ற பொருளில் 'விடு' என்பதிலிருந்து பிறந்த சொல் அது என்று இலக்கணம் சொல்லும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும்போது திண்ணையும் அடுக்களையும் நினைவில் எழாத தமிழர் யார்? விடுபடுவதும் வீடு சேர்வதும் நம் காதில் ஒன்றாகவே ஒலிக்கின்றன.

'விண்ணகரம்' என்ற சொல்லையும் பாருங்கள். காஞ்சியில் பரமேச்சுர விண்ணகரம், சோழநாட்டில் நந்திபுர விண்ணகரம், அரிமேய விண்ணகரம். விஷ்ணு கிருகம் என்ற வடசொல் தேய்ந்து விண்ணகரம் ஆயிற்று என்பார்கள் அறிஞர்கள். அதாவது விஷ்ணுவின் வீடு. கேட்கும் தமிழ்க் காதோ அதை விண் நகரம் என்றே பிரித்துக்கொண்டது. இரண்டும் சரியே என்பது என் எண்ணம். தெய்வத்தின் வீட்டைச் சுற்றித் தெருக்கள் முளைத்தன, வீடு நகரமாயிற்று, அந்த நகரத்தை மக்கள் அண்ணாந்து வானிலும் கண்டார்கள்.

நம் ஊர்ப் பெயரிலும் ஒரு சிறு வெளிச்சம் உண்டு. நாகர்கோவிலின் நாகர் பாம்புருவான நாகராசர், அதில் ஐயமில்லை. பழந்தமிழில் நாகர் என்றால் தேவர் என்றும் பொருள், நாகம் என்றால் விண்ணுலகம் என்றும் பொருள். சிலப்பதிகாரம் தொடங்கிய சில வரிகளிலேயே புகார் நகரைப் புகழ நாகர் வாழும் நகரைத்தான் துணைக்கு அழைக்கிறது. ஒரே சொல் மண்ணுக்கு அடியில் இருப்பவரையும் வானுக்கு மேல் இருப்பவரையும் சுட்டுகிறது. நாகராசா கோயிலுக்குப் போனவர்கள் கருவறையின் கூரையைக் கவனித்திருப்பீர்கள். அது ஓலைக் கூரை. அந்தக் கூரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அங்கேயே வருகிறேன்.

பரமபதத்தை நேரில் போய்ப் பார்த்தவர்போலப் பாடியவர் நம்மாழ்வார். அவருடைய தாய் உடையநங்கை பிறந்த ஊர் நம் திருப்பதிசாரம் என்பது வைணவ மரபு. திருவாய்மொழியின் பத்தாம் பத்தில், ஆறாம் திருமொழியில் ஆழ்வார் திருவட்டாற்றில் நிற்கிறார். பிறகு திருமாலிருஞ்சோலை, அதன்பின் திருப்பேர்நகர். ஒன்பதாம் திருமொழியில் வைகுந்தத்தின் வாசலுக்கே போய்விடுகிறார். குமரி மாவட்டத்துத் திருவட்டாற்றுக்கும் வைகுந்தத்துக்கும் நடுவே இரண்டே நிறுத்தங்கள்!

அந்த ஒன்பதாம் திருமொழியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. மேகம் முழங்குகிறது, கடல் அலைக் கைகளைத் தூக்கி ஆடுகிறது, வழியிலுள்ள உலகத்தார் எல்லாம் வந்து தொழுகிறார்கள். கோபுர வாசலில் நிறைகுடமும் விளக்கும் ஏந்திப் பெண்கள் எதிர்கொள்கிறார்கள். இதை எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசித்தால், எங்கள் ஊர்க் கல்யாண வீட்டு வாசலில்தான். மாப்பிள்ளை வீட்டார் காரிலிருந்து இறங்கும் நேரம், குத்துவிளக்கின் திரி காற்றில் படபடக்க, முந்தானையால் அதை மறைத்தபடி நிற்கும் பெண். வைகுந்தத்தின் பெருமையாக ஆழ்வார் காட்டுவது வரவேற்பை. 'வந்தீர்களா, உள்ளே வாருங்கள்' என்று சொல்ல அங்கே ஆள் இருக்கிறது.

குமரிக் கரைக்கே உரிய ஒரு விசேஷம் உண்டு. மற்ற நாட்டார் பொன்னகரத்தை மேலே தேடினார்கள். நாம் அதைக் கடலுக்குள்ளும் தேடியவர்கள். இறையனார் அகப்பொருள் உரை சொல்லும் முச்சங்கக் கதை உங்களுக்குத் தெரியும். கடல்கொண்ட மதுரையில் முதற்சங்கம் 4440 ஆண்டு, கபாடபுரத்தில் இடைச்சங்கம் 3700 ஆண்டு. அந்தக் கணக்கை வரலாறாக ஏற்கச் சான்று இல்லை. ஆனால் தமிழ் மனம் தன் நிறைவான நகரத்தை அலைக்கு அடியில் வைத்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. புகாரைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. நம் காலத்தில் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' 1997இல் வந்தது. குமரி மாவட்டத்துக்காரர் கட்டிய அந்தப் பெருங்கோயில் நகரமும் கடைசியில் வெள்ளத்துக்குள்தான் போகிறது.

இந்தக் கடல்நகர்களில் இன்றும் மக்கள் நாவில் உயிரோடு இருப்பது ஒன்று: துவரையம்பதி. அகிலத்திரட்டு அம்மானை பேசும் நகரம். குமரிக்கு அப்பால் கடலுக்குள் இருப்பதாகவும், தர்மயுகத்தில் வெளிப்படும் என்றும் அய்யாவழி மக்கள் நம்புகிறார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வயலை ஒட்டிய ஊரில் அய்யாவழியாரின் சிறு வழிபாட்டிடமான நிழல் தாங்கல் ஒன்று இருந்தது. யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, தாங்கல் என்பார்கள். ஏடு வாசிப்பு நடக்கும் நாட்களில் வகுப்புத் தோழன் ஒருவன் என்னைக் கூட்டிப்போவான். முற்றத்தில் ஆற்றுமணல் விரித்திருக்கும். தலைப்பாகை கட்டிய ஒருவர் ராகமாக வாசிக்க, இன்னொருவர் விளக்கம் சொல்வார். எனக்குப் பாதி புரியாது. ஆனால் வாசிப்பு துவரையம்பதி வரும்போது கூட்டத்தில் ஓர் அசைவு தெரியும். சாய்ந்து கிடந்த கிழவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பனையேறிக் காய்த்துப்போன கைகள் குவியும். முடிந்ததும் இனிமம் என்ற பிரசாதம் தருவார்கள். 'அய்யா உண்டு' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். வணக்கத்துக்கு இத்தனை தைரியமான சொல்லை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

அந்தத் தைரியத்தின் விலை என்ன என்று வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. முத்துக்குட்டி என்று அழைக்கப்பட்டு வளர்ந்த அய்யா வைகுண்டர் 1809இல் பூவண்டன்தோப்பில் பிறந்தார். 1833 மாசியில் திருச்செந்தூர்க் கடலுக்குள் போய், வைகுண்டராகத் திரும்பி வந்தார் என்பது அவர் மக்களின் நம்பிக்கை. அன்றைய திருவிதாங்கூரில் தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியார் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, மாடி வீடு கட்டக் கூடாது. பெண்கள் தோள்சீலை அணிய உரிமை கேட்டு நடத்திய போராட்டம் 1820களில் தொடங்கியது. 1859 ஜூலை 26 அரசாணை வரும்வரை ஓயவில்லை. அந்த ஆணையும் முழு உரிமை தரவில்லை. போதாக்குறைக்குப் பனைக்கு வரி, தலைக்கு வரி, ஊதியமில்லாத ஊழிய வேலை.

அந்த மக்களிடம் ஒருவர் வந்து, வைகுண்டம் எங்கோ இல்லை, இதோ உங்கள் பனங்காட்டில் இறங்கியிருக்கிறது என்றார். தன் பெயரையே வைகுண்டர் என்றார். திருவிதாங்கூர் அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது. வெளியே வந்தபின் வாகைப்பதியில் துவையல் பந்தி நடந்தது. எழுநூறு குடும்பங்கள் கடலோரம் தங்கி, துணி துவைத்துக் குளித்து, சேர்ந்து சமைத்து உண்டு வாழ்ந்தார்கள் என்று அவர்கள் மரபு சொல்கிறது. 1841இல் அகிலத்திரட்டு ஏட்டில் ஏறியது. எழுதியவர் சீடர் அரிகோபாலன். அச்சில் வந்தது 1939இல்தான். ஏறத்தாழ நூறு ஆண்டு அந்த நகரம் ஓலையிலும் குரலிலும் மட்டுமே இருந்தது.

இந்த வழியாரின் பெருங்கோயில்களுக்குப் பெயர் பதி. சாமிதோப்புப் பதி, முட்டப்பதி, தாமரைகுளம் பதி, அம்பலப்பதி, பூப்பதி. தமிழில் பதி என்றால் ஊர், வீடு, தலைவன். சைவ சித்தாந்தம் இறைவனையே பதி என்கிறது. பகைக்கோ பஞ்சத்துக்கோ அஞ்சி ஊரைவிட்டுப் போவதைப் 'பதியெழுதல்' என்றது பழந்தமிழ். அப்படிப் போக நேராத குடிதான் பெருமைக்குரிய குடி. குடியிருந்த மண்ணிலேயே அந்நியராக வைக்கப்பட்ட ஒரு சமூகம் தன் கோயிலுக்குப் பதி என்று பெயர் வைத்ததை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. தலைவன், வீடு, ஊர், மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுப் பெற்றுக்கொண்டார்கள். சிறிய வழிபாட்டிடத்துக்கு வைத்த பெயரோ நிழல் தாங்கல். தேரிக்காட்டு வெயிலில் பனை தரும் நிழல் எவ்வளவு என்று தெரிந்தவர்கள் வைத்த பெயர் அது.

சாமிதோப்பில் முத்திரிக் கிணறு இருக்கிறது. எந்தச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுத்துக் குளித்து, குடித்து, உள்ளே போக வேண்டும். ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் நுழைய வேண்டும். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக் குனிந்து நின்றவர்களுக்கு அவர் தந்த முடி அது. பள்ளியறையில் கண்ணாடி. கும்பிடப் போனவர் தன் முகத்தைத்தான் அங்கே பார்க்கிறார். துவரையம்பதி கடலுக்குள்ளிருந்து வெளிப்படும் நாளுக்குக் காத்திருந்தவர்கள் அதன் கிணற்றையும் உடையையும் பந்தியையும் அன்றைக்கே கரையில் தொடங்கிவிட்டார்கள்.

பொன்னகரத்தைக் கண்டவர்கள் யார் என்று உலகத்தைச் சுற்றிப் பார்த்தாலும் இதே கதைதான். புதிய எருசலேமைக் கண்ட யோவான் பத்மு தீவில் இருந்தவர். நாடு கடத்தப்பட்டு அங்கே போனார் என்று மரபு சொல்லும். ரோமாபுரி 410இல் சூறையாடப்பட்ட பிறகே அகுஸ்தீனார் கடவுளின் நகரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தார். ஜான் பனியன் 1660 முதல் 12 ஆண்டு பெட்போர்டுச் சிறையில் இருந்தவர். 'மோட்சப் பிரயாணம்' என்று நம் வீடுகளில் வழங்கும் அவர் நூல் 1678இல் வெளிவந்தது. அதைத் தமிழ்க் காவியமாக்கியவர் நெல்லைக் கரையிருப்பில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். 1894இல் வந்த அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' பனியனின் வழிப்போக்கனைக் கம்பனின் நடையில் நடக்கவிடுகிறது. ஊரும் உறவும் மாறிப்போன ஒருவர், மாறாத ஒரு நகரத்தைத் தாய்மொழியின் மிகப் பெரிய கவியின் குரலில் பாடினார். ஊர் இருந்தவனுக்கு நகரம் ஒரு காட்சி. ஊர் மறுக்கப்பட்டவனுக்கு அதுதான் உயிர்.

மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்த நாள்முதல் அந்த யோவான் கண்ட நகரம் நம் மக்கள் காதில் விழத் தொடங்கியது. மேற்கே கடற்கரைக் கத்தோலிக்கருக்கு அது அதற்கும் பழைய செய்தி. சதுரமான நகரம், பன்னிரண்டு வாயில், ஒவ்வொரு வாயிலும் ஒற்றை முத்து, பொன் தெரு, ஒருநாளும் அடைக்காத கதவுகள். கோட்டை மதிலின் அகலம் கேட்டு வியப்பவர்கள் வேறு யாரோ. அடைக்காத கதவு என்ற இடத்தில் நிமிர்ந்திருப்பார்கள் நம் மக்கள். சுசீந்திரத்தை எண்ணிப் பாருங்கள். தேவர் தலைநகர் அமராவதியை விட்டு இந்திரன் இறங்கிவந்து சுத்தி பெற்ற ஊர், அதனாலேயே சுசீந்திரம் என்கிறது தலபுராணம். இன்றும் அர்த்தசாமப் பூசைக்கு அவன் வருவதாக நம்பிக்கை. அந்த ஊரின் தேர்வீதியில் மனிதர் சிலர் கால் வைக்கக் கூடாது என்றிருந்தது. தெருவில் நடக்கும் உரிமைக்காக 1926இல் டாக்டர் எம். இ. நாயுடு போன்றோர் சத்தியாகிரகம் செய்ய வேண்டி வந்தது. 1936 நவம்பர் 12இல்தான் ஆலயப் பிரவேசப் பிரகடனம்.

யோவான் கண்ட நகரத்தில் இன்னொரு செய்தியும் உண்டு: அங்கே கடல் இல்லை. திருவெளிப்பாட்டின் 21ஆம் அதிகாரம் தொடங்கும்போதே சொல்லிவிடுகிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்து, ஆழ்கடலுக்குப் போன நம் மேற்குக் கரைக்காரர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்த டிசம்பரில் ஒரு கடற்கரை ஊரின் இரங்கல் பூசையில் பின்வரிசையில் நின்றிருந்தேன். அந்த அதிகாரத்தைத்தான் வாசித்தார்கள். முடிந்து வெளியே வந்தபோது, கணவரைக் கடலில் விட்ட ஓர் அம்மா பக்கத்தில் நின்றவரிடம் மெல்லக் கேட்டார்: "கடலு இல்லாத ஊருல அவருக்கு என்ன சோலி?"

கொஞ்ச தூரத்தில் இன்னொரு அம்மா, மகனை இழந்தவர், அதே வாசிப்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். இனி அந்தச் சனியன் கண்ணில் படாத இடத்தில் என் பிள்ளை இருப்பான் என்றார். 2004 டிசம்பர் 26இல் குளச்சலிலும் மணக்குடியிலும் கொட்டில்பாட்டிலும் அலை கொண்டுபோனவர்களின் வீட்டாரும் அங்கே இருந்தார்கள். இரண்டு அம்மாக்களில் யார் சொன்னது சரி என்று சொல்ல எந்த இறையியலாளருக்கும் உரிமை இல்லை என்று நினைக்கிறேன். பத்மு தீவில் யோவானைச் சுற்றிக் கடல். அவருக்கும் அவருடைய மக்களுக்கும் நடுவே நின்றது அதுதான். அவருக்கு அது வேண்டாத பொருள். கட்டுமரத்தில் பிறந்தவனுக்கோ கடல்தான் முற்றம். முற்றம் இல்லாத வீட்டை அவனுக்கு எப்படி வீடென்று காட்டுவது?

தக்கலைக்குப் போனால் பேச்சு வேறு திசையில் திரும்பும். சூஃபி ஞானி பீர்முகம்மது அப்பாவின் ஆண்டு விழாவில் அவர் பாடிய ஞானப்புகழ்ச்சியை விடிய விடியப் பாடுவார்கள். வெளியே எங்கும் தேடாமல் உடம்புக்குள்ளேயே வாசலைத் தேடும் சூஃபி மரபு அது. அதைப் பற்றிப் பேச இன்னொரு நாள் முழுதாக வேண்டும்.

தேரூர்க் கவிமணியை விட்டுவிட்டு நாஞ்சில் நாட்டில் சொர்க்கத்தைப் பற்றிப் பேச முடியாது. உமர்கய்யாமைத் தமிழில் தந்தபோது அவர் சொர்க்கத்துக்கு மதில் வைக்கவில்லை, முத்து வாயில் வைக்கவில்லை. வெயிலுக்கு நிழல் தரும் ஒரு தோப்பு, தென்றல், கையில் கம்பன், பாடத் துணை. பாரசீகத்துக் கவி கையிலிருந்த பெயரில்லாக் கவிதை ஏட்டை எடுத்துவிட்டுக் கம்பனை வைத்தாரே, அந்த இடத்தில் மொழிபெயர்ப்பு நம் ஊருக்கு உரியதாகிவிட்டது. நிழலும் நம்முடையதுதான். தாங்கலின் நிழல், கவிமணியின் நிழல், சுந்தர ராமசாமி 1966இல் கதையாக்கிய நம் சந்திப்புப் புளியமரத்தின் நிழல். அந்த நாவலை மறுபடி படித்தபோது, ஓர் ஊர் தன் நிழலை இழப்பது எத்தனை பெரிய இழப்பு என்று உணர்ந்தேன்.

ஓலைக் கூரையிடம் வருகிறேன் என்று சொன்னேன். நாகராசா கோயிலின் தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதிக் கல்வெட்டுகள் அங்கிருந்த குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்ற சமணப் பெரியோர்க்கு நிலம் விட்டதைச் சொல்கின்றன. பிறகு தெய்வம் மாறியது, பூசை மாறியது. கூரை மாறவில்லை. பொன் வேய்ந்த கோயில்கள் நாட்டில் எத்தனையோ உண்டு. இங்கே கருவறைக்கு மேல் ஓலைதான். அந்த ஓலைக்குள் நாகம் காவல் இருப்பதாக நம்பிக்கை. கருவறை மண்ணைத்தான் பிரசாதமாகக் கையில் தருகிறார்கள். ஆறு மாதம் கறுப்பு, ஆறு மாதம் வெளுப்பு என்பார்கள்.

ஒருமுறை கூரை புதுப்பிக்கும் நாளில் போக வாய்த்தது. பழைய ஓலையை இறக்கியபின் கொஞ்ச நேரம் கருவறைக்கு மேல் வெறும் வானம். வேய்கிறவர் நடுத்தர வயதுக்காரர், வாயில் கயிற்றைக் கடித்துக்கொண்டு கழிக்கோலின்மேல் குத்தவைத்திருந்தார். கீழேயிருந்து சிறுவன் ஒருவன் பச்சை மணம் போகாத கீற்றுகளை ஒவ்வொன்றாக நீட்டினான். அவர் வாங்கி, முந்தின கீற்றின்மேல் பாதி ஏறும்படி பொருத்தி, கயிற்றை இழுத்துக் கட்டினார். சுற்றி நின்ற பத்திருபது பேரும் பேச்சில்லாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வானம் வரிவரியாகக் குறுகிக்கொண்டே வந்தது. கடைசிக் கீற்றைக் கட்டியதும் உள்ளே விளக்கு தெரியத் தொடங்கியது.